காசு வாங்காத கவுன்ட்டர்

கவுன்ட்டருக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியிலேயே தனிமையான நாற்காலி உங்களுடையதுதான். நோயாளி தன் வலியை டாக்டரிடம் சொல்வார். வீட்டுக் கதையை ஊசி போடும் நர்ஸிடம் சொல்வார். உங்களிடம் வரும்போது அவரிடம் சொல்ல எதுவும் மிச்சமிருக்காது. "எவ்வளவு?" என்று கேட்பார், அவ்வளவுதான். அதைத் தாங்கிக்கொள்ளப் பழகிவிட்டால் மற்ற வேலையெல்லாம் தானாக வந்துவிடும்.

பில் போடுவதை, மாதக் கணக்கு முடிப்பதையெல்லாம் நிலோஃபர் உங்களுக்குச் சொல்லித் தந்திருப்பாள். உங்களுக்கு அவர் மேடம். நான் அவளைப் பள்ளிக்கூட யூனிஃபார்மில் பார்த்தவள், அதனால் அவள் என்றே சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவள்தான் என்னைக் கூப்பிட்டு, "ஆன்ட்டி, அந்த அக்கவுன்ட் முடங்கின கதையை இவங்களுக்கு நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா பாடம் மாதிரி இருக்கும்" என்றாள். சொல்கிறேன்.

ஆஸ்பத்திரி என்கிறோமே தவிர, அது காரைக்கால் பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்ச தூரத்தில் இருக்கும் சின்ன கிளினிக்தான். நிலோஃபரின் வாப்பாதான் டாக்டர். ஒரு லேப், காயத்துக்குக் கட்டுப் போட ஓர் அறை, குளுகோஸ் ஏற்ற மூன்று கட்டில். வாசலோரம் என் கவுன்ட்டர். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் வாங்குவது முழுக்க ரொக்கம். முந்தைய நாள் வசூலை மறுநாள் துணிப்பையில் போட்டு, மேலே சாப்பாட்டு டப்பாவை வைத்து மறைத்து, பாங்குக்கு நடந்தே போவேன். சலான் எழுதி, வரிசையில் நின்று, கட்டிவிட்டுத் திரும்புவதற்குள் மதியம் ஆகிவிடும். போகும்போது எதிரே வருகிறவர் எல்லோரும் என் பையைத்தான் பார்க்கிறார்கள் என்று தோன்றும். வரும்போது ஒருவரும் பார்க்க மாட்டார்கள்.

கூண்டுக்குள் இருந்த கேஷியர் என் வயதுக்காரர். "இன்னைக்கு கூட்டம் போலிருக்கு" என்பார். "காய்ச்சல் சீசன் சார்" என்பேன். நோட்டை எண்ணும்போது வாயைத் திறக்க மாட்டார். முத்திரை குத்திய சலானை நீட்டும்போது மட்டும், "வெயில் தாழப் போங்களேன்" என்பார். நான் ஒருநாளும் வெயில் தாழப் போனதில்லை. வருடக்கணக்காக எங்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான். வீட்டில் எனக்கு அதுவும் கிடையாது. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள வீட்டில் பெண் எடுத்துப் பாரீஸ் பக்கம் போய்விட்டான். அம்மா இறந்த பிறகு மாதாகோயில் தெருவில் அந்தப் பெரிய வீட்டில் நான் ஒருத்திதான்.

நிலோஃபர் சென்னையில் படித்துவிட்டுத் திரும்பி வந்ததும் முதலில் கைவைத்தது இந்தப் பாங்கு வேலையில்தான். பாங்கு வாசலில் இருக்கும் பணம் போடும் மெஷினுக்கு எனக்கு ஒரு கார்டு வாங்கித் தந்தாள். அதன்பின் வரிசை இல்லை, கூண்டு இல்லை. பிறகு கவுன்ட்டரில் க்யூஆர் அட்டையும், பணம் வந்ததும் சத்தமாகச் சொல்லும் சின்ன ஸ்பீக்கரும் வந்தன. எனக்கு முட்டி வலி. பையைத் தூக்கிக்கொண்டு போகும்போது நெஞ்சு படபடக்கும். அதனால் இந்த மாற்றம் எதற்கும் நான் குறுக்கே நிற்கவில்லை. சந்தோஷமாகவே ஒத்துக்கொண்டேன்.

கடைசியாகத்தான் அந்த போர்டு வந்தது. 'ரொக்கம் பெறப்படாது. போன் மூலம் மட்டும்.'

டாக்டர் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, வயசானவங்க என்ன செய்வாங்க?"

"அவங்க பிள்ளைங்க போட்டுவிடுவாங்க வாப்பா. துபாய்லேருந்து போட்டா ஒரு செகண்டு, பாரீஸ்லேருந்து போட்டாலும் ஒரு வழி இருக்கு. பணம் கையில தங்குனாத்தான் தொல்லை. நேரா பாங்குக்குப் போயிடணும்."

அவள் சொன்னது பெரும்பாலும் சரியாகவே நடந்தது. காரைக்காலில் பாதி வீட்டுப் பிள்ளைகள் வெளிநாட்டில்தானே இருக்கிறார்கள். பெரியவர்கள் கவுன்ட்டருக்கு வந்து நிற்பார்கள், போனில் மகனையோ மருமகளையோ கூப்பிட்டுக் கொடுப்பார்கள், ஸ்பீக்கர் தொகையைச் சொல்லும், கிளம்பிவிடுவார்கள். "எவ்வளவு?" என்றுகூட யாரும் என்னிடம் கேட்பதில்லை. நான் பாங்குக்குப் போவதும் நின்றுபோனது. சில மாதம் கழித்து, அந்தக் கேஷியர் ரிட்டயராகித் திருச்சிக்குப் போய்விட்டார் என்று லேப் டெக்னீஷியன் சொன்னார். அவர் பெயரே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு சம்பள நாள். நிலோஃபர் எல்லோர் கணக்குக்கும் பணம் அனுப்பப் பார்த்தாள், போகவில்லை. மறுபடி முயன்றாள், போகவில்லை. பாங்குக்கு போன் செய்தால் எடுக்கவில்லை. "ஆன்ட்டி, நீங்க ஒரு எட்டுப் போய் பார்க்கிறீங்களா? உங்களுக்கு அங்க எல்லாரையும் தெரியுமே" என்றாள்.

எனக்கும் அந்த நினைப்புத்தான். போய்ப் பார்த்தால் கூண்டில் வேறு ஆள், கவுன்ட்டர்களில் வேறு முகங்கள். அத்தனை வருடம் நான் மிதித்த இடம். என்னை யாரென்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. டோக்கன் எடுத்து உட்கார்ந்திருந்தேன். மேனேஜர் சின்ன வயசுக்காரர், ஆந்திராப் பக்கம். தமிழ் நிதானமாகப் பேசினார்.

"மேடம், உங்க அக்கவுன்ட்டுக்கு வந்த ஒரு பேமென்ட், ஏமாத்தி எடுத்த பணம். வடக்குல யாரோ ஒருத்தர் கம்ப்ளெயின்ட் குடுத்திருக்காங்க. அந்தப் பணம் கை மாறி மாறி உங்ககிட்ட வந்திருக்கு. அந்த ஊர் சைபர் போலீஸ் நிறுத்தி வைக்கச் சொல்லியிருக்காங்க."

"எவ்வளவு சார் அந்தப் பணம்?"

சொன்னார். ஒரு காயத்துக்குத் தையலும் கட்டும் போட்டு, ஓர் ஊசியும் போட்டால் நாங்கள் வாங்கும் தொகை.

"அதுக்காக மொத்த அக்கவுன்ட்டையுமா?"

"ஆமா மேடம். உள்ள வரும். வெளிய போகாது."

இந்தக் கடைசி வார்த்தையைக் கவனியுங்கள். அந்த நேரத்தில் யார் செய்தது, எப்படி வந்தது, யார் மேல் தப்பு என்றெல்லாம் மனம் ஓடத்தான் செய்யும். அதை அப்புறம் பார்க்கலாம். பணம் உள்ளே வரும், வெளியே போகாது என்றால், நாம் இங்கே உட்கார்ந்து பேசும் ஒவ்வொரு நிமிஷமும் கவுன்ட்டரில் ஸ்பீக்கர் கூவிக்கொண்டிருக்கிறது. நான் பாங்கு வாசலுக்கு வந்து கவிதாவுக்கு போன் செய்தேன். கவிதா எங்கள் நர்ஸ், சுரக்குடியிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். நான் இல்லாதபோது கவுன்ட்டரையும் அவள்தான் பார்ப்பாள்.

"கவிதா, க்யூஆர் அட்டையை எடுத்து உள்ள வச்சிடு. போர்டைத் திருப்பி வை. இனிமே ரொக்கம்தான் வாங்கணும்."

"மேடம் திட்டுவாங்கக்கா."

"திட்டினா நான் சொன்னேன்னு சொல்லு."

"சில்லறையே இல்லையேக்கா."

"மெடிக்கல்ல கேட்டு வாங்கிக்க. சம்பளம் இன்னைக்குப் போடுறது கஷ்டம், அதையும் இப்பவே சொல்லிடுறேன்."

"சரிக்கா" என்று வைத்துவிட்டாள். அவள் மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா வைத்திருந்தாள். சாமியானாவுக்கு, சமையலுக்கெல்லாம் அந்த மாதச் சம்பளத்தை நம்பித்தான் அட்வான்ஸ் சொல்லியிருந்தாள் என்று எனக்குத் தெரியும்.

திரும்பி வந்து, பாங்கு கொடுத்த தேதியையும் தொகையையும் வைத்து பில்லைத் தேடினோம். ஒரே ஒரு பில்தான் பொருந்தியது. முருகேசன், லாரி டிரைவர், கீழவாஞ்சூர். காலில் கிழிந்த காயம், தையல் போட்டது, பிறகு கட்டு மாற்றியது, எல்லாம் சேர்த்து ஒரே பில். ஆனால் பணம் வந்தது முருகேசன் பெயரிலிருந்து இல்லை. ஏதோ ஒரு வடநாட்டுப் பெயர். ஸ்பீக்கர் தொகையைத்தான் சொல்லுமே தவிர, யாரென்று சொல்லாது. அவர் எழுதிக் கொடுத்த போன் நம்பருக்கு அடித்தோம். ஸ்விட்ச் ஆஃப்.

டாக்டருக்கு முகம் மாறிவிட்டது. அவர் அதிர்ந்து பேசுகிறவர் இல்லை. மறுநாள் தடுப்பூசி சப்ளை செய்கிறவருக்குப் பணம் தர வேண்டும், லேபுக்குச் சாமான் வர வேண்டும், எல்லாச் சம்பளமும் நின்றிருந்தது.

"ஸ்டெல்லாம்மா, இதுல யோசிக்க என்ன இருக்கு? பேரு ஒண்ணு, பணம் வந்தது இன்னொருத்தன்கிட்டேருந்து, போன் ஆஃப். ரெண்டு பேரும் கூட்டாளிங்க. மேனேஜர் என்ன சொன்னாரு?"

"முருகேசன்ங்கிற நோயாளி எங்களை ஏமாத்திட்டாருன்னு லெட்டர் எழுதி, ஸ்டேஷன்ல ஒரு புகாரும் குடுத்தா சீக்கிரம் முடியும்னு சொன்னாரு சார்."

"அப்ப எழுதிடுங்க. நான் கையெழுத்துப் போடுறேன்."

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். தேதி, பொருள், மேனேஜருக்கு என்பதெல்லாம் அடித்தேன். 'எங்களை ஏமாற்றிய' என்ற இடத்தில் கை நின்றுவிட்டது. அந்த மனிதரை நான் பார்த்திருக்கிறேன். காக்கிச் சட்டை, ஐம்பது வயதிருக்கும். கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நல்லவரா கெட்டவரா என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது. தெரியாததை எழுதத்தான் கை வரவில்லை. அதற்குமேல் பெரிய தர்மமெல்லாம் அப்போது என் மனசில் இல்லை.

"சார், எனக்கு மதியம் வரைக்கும் டைம் குடுங்க. அந்த ஆளை நேர்ல பார்த்துட்டு வந்துடுறேன்."

"அவன் இந்நேரம் எந்த ஊருக்குப் போனானோ."

"இல்லன்னா இல்லன்னு தெரிஞ்சிக்கிட்டு வந்து எழுதுறேன்."

டாக்டர் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார். போகலாம் என்று நானாக எடுத்துக்கொண்டேன்.

நாகூர் போகும் பஸ்ஸில் ஏறி கீழவாஞ்சூரில் இறங்கினேன். துறைமுகத்துக்கு நிலக்கரி ஏற்ற வரும் லாரிகள் சாலையோரம் வரிசையாக நிற்கும் இடம். அங்கே பெண்கள் இறங்குவது அபூர்வம். புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒவ்வொரு லாரியாக, "கால்ல அடிபட்ட டிரைவர், முருகேசன்" என்று கேட்டுக்கொண்டே போனேன். சிலர் சிரித்தார்கள். ஒருவர், "யாரு, சம்சாரமா?" என்றார். அந்த நேரத்தில் எனக்கு அழுகைதான் வந்தது. இத்தனை வயசுக்கு மேல், முன்பின் பழக்கமில்லாத ஓர் ஆளைத் தேடிக் கரித்தூளில் நடந்துகொண்டிருக்கிறேன். எங்கே போயிருக்கிறேன் என்று விசாரிக்க எனக்கு ஒரு நாதியில்லை. திரும்பிப் போய் 'ஏமாற்றிய' என்று அடித்துவிட்டால் என்ன என்றுகூட நினைத்தேன்.

அவர் லாரியின் நிழலில் பாய் விரித்துப் படுத்திருந்தார். கப்பல் வரவில்லை, லோடு இல்லை, அதனால் வண்டி நாள்கணக்கில் அங்கேயே நின்றிருக்கிறது. என்னைப் பார்த்ததும் எழ முயன்றார்.

"ஆசுபத்திரி அம்மாதானுங்களே? உக்காருங்க. கட்டு பிரிக்க நாளாயிடுச்சுங்களா?"

"அதுக்கு இல்லங்க. போன்ல கூப்பிட்டோம், ஆஃப்ல இருக்கே?"

இடுப்பிலிருந்து ஒரு பட்டன் போனை எடுத்துக் காட்டினார். கண்ணாடி உடைந்திருந்தது. "தார்ப்பாய் கட்டறப்ப விழுந்தேன் பாருங்க, அப்பவே அடி வாங்கிருச்சு. ரெண்டு நாள் ஓடுச்சு, அப்புறம் உசுரு போயிருச்சுங்க."

அந்த போனில் க்யூஆர் எடுக்க முடியாது. எனக்கு அப்போதே பாதி புரிந்துவிட்டது.

"அப்ப அன்னைக்கு எங்களுக்குப் பணம் யாரு போட்டாங்க?"

"ஒரு தம்பிதானுங்க. கையில காசு வச்சுருந்தேன், குடுத்தேன். அந்த நர்ஸுப் புள்ள காசு வாங்கறதில்லன்னு சொல்லிருச்சு, போர்டையும் காமிச்சுது. என்ன பண்றதுன்னு வாசல்ல நின்னுட்டிருந்தேன். ஒரு தம்பி வந்து, 'காசை எங்கிட்டக் குடுங்கண்ணே, நான் போன்ல போட்டுடறேன்'ன்னாரு. நல்ல மனுசன்னு டீக்கும் சேத்துக் குடுத்தேன். ஏங்க, காசு வரலீங்களா?"

"வந்துடுச்சுங்க. அதுதான் பிரச்சனை."

முடிந்தவரை புரியும்படி சொன்னேன். அந்தத் தம்பியின் போனில் இருந்தது திருட்டுப் பணம், அதை எங்கள் கணக்கில் தள்ளிவிட்டு முருகேசனின் நல்ல நோட்டை வாங்கிக்கொண்டு போயிருக்கிறான் என்று. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பணத்தை எடுத்து நீட்டினார்.

"இதை வச்சுக்குங்க. மறுபடி கட்டுனதா எழுதிக்குங்க. போலீசு மட்டும் வேண்டாமுங்க. ஓனருக்குத் தெரிஞ்சா வண்டிச் சாவிய வாங்கிக்குவாரு. இந்த வயசுல வேற வண்டி யாரு குடுப்பாங்க?"

நான் வாங்கவில்லை. "நீங்க ஒரு தடவை குடுத்துட்டீங்க. மறுபடி எதுக்கு?"

"அப்ப போலீசு வராதுங்களே?"

வராது என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. சொன்னால் அவர் முகம் தெளிந்திருக்கும், எனக்கும் அந்த இடத்தைவிட்டு எழுந்துபோகச் சுலபமாக இருந்திருக்கும். பிள்ளைகளே, நம் கையில் இல்லாததை வாக்காகக் கொடுக்காதீர்கள். கவுன்ட்டரில் பயந்துபோய் நிற்கிறவர்கள் நம் வார்த்தையை டாக்டர் வார்த்தையாகவே எடுத்துக்கொள்வார்கள்.

"அது எனக்குத் தெரியாதுங்க. நீங்க என்கிட்ட சொன்னதை அப்படியே எழுதுவேன். ஒரு வார்த்தை கூட்ட மாட்டேன், குறைக்க மாட்டேன். அவ்வளவுதான் என்னால முடியும்."

அவர் தலையை ஆட்டினார். அந்த வாசல் தம்பி எப்படி இருந்தான் என்று கேட்டேன். முகத்தில் மாஸ்க் போட்டிருந்தான், தமிழ் பேசினான், அதற்குமேல் ஞாபகமில்லை என்றார். கிளம்பும்போது பக்கத்து லாரிக்காரரிடம் சொல்லி எனக்கு ஒரு சோடா வாங்கித் தந்தார். பஸ் வரும்வரை கால் வலியோடு லாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

ஆஸ்பத்திரிக்கு வந்து, டாக்டரிடமும் நிலோஃபரிடமும் நடந்ததைச் சொன்னேன்.

"இதை இப்படியே எழுதினா என்ன ஆகும் தெரியுமா ஸ்டெல்லாம்மா? அடிபட்டு வந்தவன் காசை நீட்டியும் நாம வாங்கல, ரோட்டுல நிக்கிறவன்கிட்ட அனுப்பினோம்னு ஆகும்."

"அதுதானே சார் நடந்தது."

"யாரு பணம் போட்டாங்கன்னே பார்க்காத ஆஸ்பத்திரின்னு மேனேஜர் நினைப்பாரு. ஏமாத்திட்டான்னு எழுதினா நாளைக்கே நகரும். இப்படி எழுதினா எத்தனை மாசமோ. கவிதா வீட்டு விசேஷத்துக்கு யாரு பதில் சொல்றது?"

கவிதா கதவுக்கு வெளியேதான் நின்றிருந்தாள். நிலோஃபர் மெதுவாக, "அந்த போர்டு நான் வச்சது வாப்பா. அவரை மாட்டிவிட வேண்டாம்" என்றாள்.

டாக்டர் அஸர் தொழுகைக்கு எழுந்து போய்விட்டார். நான் உட்கார்ந்து அடித்தேன். இன்ன தேதியில் இன்ன நோயாளி வந்தார், இன்ன சிகிச்சை செய்தோம். அவர் ரொக்கம் கொடுத்தார், எங்கள் விதிப்படி நாங்கள் வாங்கவில்லை. வாசலில் நின்ற அறிமுகமில்லாத ஒருவரிடம் அந்தப் பணத்தைக் கொடுத்து, அவர் போன் மூலம் கட்டச் செய்ததாக நோயாளி சொல்கிறார். பில்லின் நகல் இணைப்பு. 'சொல்கிறார்' என்பதை யோசித்துத்தான் போட்டேன். வாசலில் நடந்ததை நான் பார்க்கவில்லை அல்லவா.

டாக்டர் திரும்பி வந்து, நின்றபடியே இரண்டு முறை படித்தார். கையெழுத்துப் போட்டுவிட்டு, "லேட் ஆகும்" என்றார்.

"ஆகும் சார்."

ஆனது. லெட்டர் பாங்கிலிருந்து எங்கோ போயிற்று, அங்கிருந்து கேள்வி வந்தது, பதில் எழுதினோம், மறுபடி கேள்வி வந்தது. வடக்கிலிருந்து ஒரு போலீஸ்காரர் ஒருமுறை போனில் கூப்பிட்டார். அவர் ஹிந்தியில் கேட்க, நான் ஆங்கிலத்தில் சொல்ல, ஒருவருக்கும் முழுதாகப் புரியவில்லை. டாக்டர் இன்னொரு பாங்கில் புதுக் கணக்குத் திறந்தார். அதற்கான வேலையெல்லாம் முடியும்வரை வந்த ரொக்கத்தில்தான் எல்லாம் ஓடியது. சம்பளம் பாதி பாதியாகக் கைக்கு வந்தது. நான் மறுபடி துணிப்பையைத் தூக்கினேன்.

வேலை எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. பேச்சு நின்றதுதான் கஷ்டமாக இருந்தது. பதினோரு மணி டீயை டாக்டர் என் கவுன்ட்டரில் நின்று குடிப்பது வழக்கம். அது நின்றுவிட்டது. கோபம் என்று சொல்ல முடியாது. என்னைப் பார்த்தால் அந்த லெட்டர் ஞாபகம் வந்திருக்கும். லேப் டெக்னீஷியன் ஒருநாள் என் காதில் விழும்படியே, "ஊர் பேர் தெரியாத லாரிக்காரனுக்காக நம்ம வயித்துல அடிச்சாச்சு" என்றார். கவிதா, "இது எங்க வைக்கிறதுக்கா?", "அதைக் குடுங்கக்கா" என்ற அளவில் நிறுத்திக்கொண்டாள். மகள் விசேஷத்தைத் தள்ளி வைத்துவிட்டாள் என்பதை நான் இன்னொருவர் சொல்லித்தான் அறிந்தேன். நான் செய்தது சரி என்று எனக்குத் தெரியும். ஆனாலும் மதியம் டப்பாவைத் திறந்துவைத்து ஒருத்தியாகச் சாப்பிடும்போது சோறு இறங்காது. சரியானதைச் செய்தால் எல்லோரும் நம் பக்கம் வந்து நிற்பார்கள் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். வர மாட்டார்கள். அவர்களுக்கும் வீடு இருக்கிறது, வாடகை இருக்கிறது. அவர்கள் மேல் கோபப்படாமல் அடுத்த நாளும் நேரத்துக்கு வந்து உட்கார வேண்டும். அது லெட்டர் எழுதியதைவிடக் கஷ்டம்.

முருகேசன் தையல் பிரிக்க வந்தார். ரொக்கம் கொடுத்தார், ரசீது போட்டுக் கொடுத்தேன். "ஒண்ணும் பிரச்சனை இல்லீங்களே?" என்று கேட்டார். "இன்னும் தெரியலங்க" என்றேன். கப்பல் வந்துவிட்டது, ராத்திரி லோடு ஏற்றிக் கிளம்புகிறேன் என்று சொல்லிவிட்டு, காலைச் சாய்த்துச் சாய்த்துப் போனார்.

கவிதா தள்ளிவைத்த விசேஷத்தைச் சுரக்குடியில் வேறொரு நாளில் நடத்தினாள். எல்லோருக்கும் பத்திரிகை வைத்தாள். எனக்கும் வைத்தாள், "வந்துடுங்கக்கா" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். டாக்டர், நிலோஃபர், லேப் டெக்னீஷியன் எல்லோரும் ஒரே காரில் போனார்கள். யாராவது ஒருவர் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டுமே, நான் இருக்கிறேன் என்று மொய்க் கவரை நிலோஃபரிடம் கொடுத்துவிட்டேன். டாக்டர் மதியத்துக்குமேல்தான் வருவார் என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். பலர் திரும்பிப் போனார்கள், சிலர் காத்திருந்தார்கள்.

அப்போதுதான் பாங்கிலிருந்து போன் வந்தது, அதே மேனேஜர். "மேடம், ரிலீஸ் ஆயிடுச்சு. அந்தச் சின்ன அமவுன்ட் மட்டும் நிறுத்தி வச்சிருக்காங்க. மத்ததெல்லாம் நீங்க எடுக்கலாம். பேஷண்ட் மேல எதுவும் இல்லைன்னு எழுதியிருக்காங்க. உங்க லெட்டர் தெளிவா இருந்துச்சாம்."

நன்றி சொல்லி வைத்தேன். நிலோஃபருக்கு அடித்தேன், எடுக்கவில்லை. மேளச் சத்தத்தில் கேட்டிருக்காது. டாக்டருக்கு அடித்தேன், ஆஸ்பத்திரி நேரத்தில் சைலண்ட்டில் போட்டதை அவர் மாற்றியிருக்க மாட்டார். கவிதாவை அவள் வீட்டு விசேஷத்தில் எப்படிக் கூப்பிடுவது? முருகேசனின் பழைய நம்பருக்குப் போட்டேன், உபயோகத்தில் இல்லை என்றது. பாரீஸில் தம்பிக்கு அப்போது விடிகிற நேரம், அடித்தேன். முழுதாக ஒலித்து நின்றது.

பெஞ்சில் நிரவியிலிருந்து வந்த ஒரு பாட்டியம்மா மட்டும் உட்கார்ந்திருந்தார். கையில் டோக்கன், மடியில் பழைய எக்ஸ்ரே கவர். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, ஏதும் துக்கமா?" என்றார்.

"இல்லங்கம்மா. நல்ல சேதி. எங்க அக்கவுன்ட்டைத் திறந்துட்டாங்க."

அவருக்கு அது என்னவென்று தெரியாது. ஆனாலும் தலையை நன்றாக ஆட்டினார். "நல்லது, நல்லது" என்றார். கொஞ்சம் நகர்ந்து பெஞ்சில் இடம் விட்டு, "டாக்டர் வர நேரமாவுமில்ல. இப்படி வந்து உக்காந்து சொல்லேன்" என்றார்.

கவுன்ட்டர் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கார் திரும்பி வரும் வரைக்கும் அவரிடம்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.